ஓசி வண்டியில் கோடை விடுமுறை

“வண்டி ஏ.சி.ங்களா?” இதுதான் சென்னகிருஷ்ணனின் முதல் கேள்வி. “மத்தியானம் சாப்பாடு உண்டுங்களா? பிரியாணியா, மீல்ஸா?” இது இரண்டாவது. மனையின் விலை, பட்டா, ரோட்டின் அகலம் எல்லாம் பேச்சுக்குக் கேட்பவை. பதிலை அவர் காதில் வாங்குவதில்லை. சனிக்கிழமை சாயங்காலமானால் மூக்கண்டப்பள்ளியில் எங்கள் காம்பவுண்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்துகொள்வார். மடியில் மனை விற்பனை நோட்டீஸ்கள் நாலைந்து. ஒவ்வொரு நம்பராகக் கூப்பிடுவார். எதிர்முனையில் கன்னடம் வந்தால் இவரும் கன்னடத்துக்குத் தாவி, “ஊட்டக்கே ஏனு சார்?” என்று அங்கேயும் சாப்பாட்டிலேயே நிற்பார்.

மனை வாங்குவதற்கு அல்ல இந்தப் பாடு. பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமைகளில் மனை விற்கும் கம்பெனிக்காரர்கள் வண்டி அனுப்பி, ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், இடத்தைக் காட்டி, சாப்பாடு போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். அந்த வண்டியில் குடும்பத்தோடு ஏறிவிடுவதுதான் சென்னகிருஷ்ணனின் கோடைக்காலத் திட்டம். ஏப்ரல் கடைசியில் தொடங்கியது. ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

ஆள் சிப்காட்டில் ஒரு மெஷின் ஷாப்பில் ஆபரேட்டர். முப்பத்தாறு வயது. மனைவி ரேவதி, மூன்றாம் வகுப்புக்குப் போகப்போகும் மகள் பிரவீனா, நாலு வயது மகன் ஸ்ரீராம். நாலு பேருக்கும் ஒரே அறை, ஓரத்தில் ஒரு சமையல் மேடை. நேர் மேலே என் குடித்தனம். கீழே யார் தும்மினாலும் எனக்குக் கேட்கும். அவருடைய தத்துவத்தை மட்டும் தொட்டியடியில் என்னிடம் நேராகவே சொன்னார்.

“வாட்டர் பார்க்குன்னா தலைக்கு ஆயிரத்துக்கு மேல சார். உள்ள போனா குடிக்கிற தண்ணி கூட அவங்கிட்டத்தான் வாங்கணும். புள்ளைங்களுக்கு என்னா வேணும்? வண்டில போவணும், ஓடணும், வயிறு நெறையத் திங்கணும். மூணும் ஒரே எடத்துல ஓசில கெடைக்குது. நானா போயிக் கேட்டனா? வாங்க வாங்கன்னு செவுரு பூரா அவன்தான் எழுதி வெச்சிருக்கான்.”

பெரிய கண்டுபிடிப்புச் செய்த முகம் அப்போது அவருக்கு. போன வருஷம் இதே முகத்தோடு பிள்ளைகளைச் சோபாக் கடைகளுக்குக் கூட்டிப்போய்க் குதிக்க விட்டார். ஒரு வெல்வெட் சோபாவை ஸ்ரீராம் நனைத்ததோடு அந்த ஆண்டு விடுமுறை முடிந்தது. எனக்கு ஓசிச் சாப்பாடு பிடிக்காது என்று பொய் சொல்லமாட்டேன். ஓசிச் சாப்பாட்டுக்குக் கொள்கை விளக்கம் கொடுக்கிறவர்களைத்தான் பிடிக்காது.

ஞாயிறு காலை அவர் வேஷம் கட்டுவதைப் பார்க்கவேண்டும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். உள்ளே சம்பளச் சீட்டும் கேஸ் புத்தகத்தின் ஜெராக்ஸும். காலில், மற்ற ஆறு நாளும் டப்பாவில் தூங்கும் தோல் செருப்பு. “செருப்பப் பாத்துத்தான் சார் பார்ட்டி எப்படின்னு எடை போடுவான்” என்பார். பந்தலில் ஜமுக்காளம் விரித்து உட்காரச் சொன்னாலும் அதைக் கழற்றமாட்டார். பக்கத்தில் நாற்காலி தேடுவார். ரேவதி முதல் வாரம் மட்டும், “எனக்கு வெக்கமா இருக்குதுங்க” என்றாள். மூன்றாம் வாரம் அவளே, “நேத்து வண்டி பரவால்லீங்கண்ணா, போன வார வண்டில ஏ.சி. வேல செய்யல” என்று என்னிடம் குறை சொன்னாள்.

இடத்துக்குப் போனதும் சென்னகிருஷ்ணன் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துத் தேய்த்துப் பார்ப்பார். வெள்ளையடித்த எல்லைக்கல்லை ஒரு உதை உதைப்பார். “தண்ணி எத்தன அடில?” என்பார். வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கி, “வாசல் கெழக்கால வருமா?” என்பார். விற்கிற பையன் அசந்துபோய், ஐஸ்கிரீம் இன்னொன்று வேண்டுமா என்று பிள்ளைகளைக் கேட்பான். அதற்குத்தான் அந்தக் கேள்விகள்.

மறுநாளிலிருந்து கம்பெனியிலிருந்து போன் வரும். அதற்கும் பதில் தயார். “எங்கண்ணன் குவைத்துல இருக்காருங்க. அவரு வந்து ஒரு தடவ பாத்து சரின்னுட்டா உடனே முடிச்சிரலாம்.” சென்னகிருஷ்ணனுக்கு அக்கா இரண்டு பேர். அண்ணன் என்று ஒருவர் குவைத்திலும் இல்லை, கிருஷ்ணகிரியிலும் இல்லை.

இதெல்லாம் அவர் பாடு, கம்பெனிக்காரன் பாடு என்று நான் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் நாலாவது ஞாயிறு முடிந்த மறுநாள் பிரவீனா மாடி ஏறி வந்தாள். ஒரு தாளில் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தாள்.

“மாமா, நாங்க புது வீட்டுக்குப் போனா நீங்க வருவீங்களா?”

“எந்த வீட்டுக்கு?”

“இன்னும் முடிவாகல. நாலு எடம் பாத்திருக்கோம். ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள முடிவு பண்ணணும். சுஜாதாகிட்ட சொல்லிட்டேன்.” சுஜாதா அவளோடு ஒரே பெஞ்சில் உட்காருபவள்.

விசாரித்ததில் ரேவதி சொன்னாள்: எந்த இடத்துக்குப் போனாலும் அந்தப் பெண் சறுக்குமரத்தைக்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லையாம். ஜல்லிக்கற்களைப் பொறுக்கி வந்து தரையில் அறை அறையாக வரிசை வைக்கிறாளாம். கிளம்பும்போது, “இதுதானாப்பா?” என்று கேட்பாளாம். “அடுத்த வாரம் இதவிடப் பெருசாப் பாக்கலாம் பாப்பா” என்று சொல்லி அப்பன்காரன் வண்டியில் ஏற்றுவானாம்.

அன்று சாயங்காலமே கேட்டேன். “ஏய்யா, உன் ஓசிச் சோத்துக்குக் கொழந்தைய ஏமாத்துறியே, அது நம்புதுய்யா.”

“அட, வெளையாட்டு சார் அது. கல்லு அடுக்கி வெளையாடுது. இதுக்குப் போயி…” என்று சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரைத் தொட்டியில் தள்ளியிருக்கலாம்.

பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிறு. வண்டியில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று என்னையும் அழைத்தார். போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். அந்தப் பெண் என்ன கேட்கப்போகிறாள், இந்த மனிதர் எப்படி முழிக்கப்போகிறார் என்று பார்க்கும் ஆசை விடவில்லை. பாகலூர் தாண்டி வண்டி நின்றது. போன வருஷம்வரை ராகி விளைந்த நிலம். இப்போது சிங்கம் வைத்த வளைவு, நாலு பக்கமும் கலர்க் கொடி, போட்டுப் பத்து நாள்கூட ஆகாத தார் ரோடு. “இவரு எங்க மச்சான். ரெண்டு சைட்டாப் பாக்கறாரு” என்று என்னை அறிமுகப்படுத்தினார் சென்னகிருஷ்ணன். நான் மறுக்கவில்லை. பிரியாணி நன்றாகவே இருந்தது. இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேன்.

விற்கும் பையன் பிரகாஷ், டை கட்டியவன், வியர்வையோடு வந்து பிரவீனாவிடம் குனிந்தான். “பாப்பா, எடம் பிடிச்சிருக்கா? அப்பாவ வாங்கச் சொல்லு.”

“எனக்குப் புடிச்சிருக்கு அங்கிள். பெரியப்பா குவைத்துல இருந்து வந்து பாக்கணும்” என்றாள் அவள். குரலில் ஒரு பிசிறு இல்லை. பிள்ளைக்கு இந்தக் கோடையில் அப்பன் கற்றுக்கொடுத்தது இதுதான்.

சாப்பிட்டு முடித்துத் தேடினால், மூலை மனையில் கல் வரிசை தயாராக இருந்தது. இந்த முறை பெரிய வீடு. நான் அருகில் போனேன்.

“மாமா, செவுத்து மேல நிக்கறீங்க” என்றாள் பிரவீனா. நான் நகர்ந்தேன். இது ஹால், இது சமையலறை, இது நானும் தம்பியும் என்று காட்டிக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒரு சின்னக் கட்டம்.

“இது?”

“பெரியப்பா ரூமு. அவருக்கும் ஒரு ரூமு இருந்தா சரின்னு சொல்லிருவாரு இல்ல?”

பல் குத்திக்கொண்டே சென்னகிருஷ்ணன் எனக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் காதிலும் அது விழுந்திருக்கவேண்டும், குச்சி நின்றது. தூரத்தில் வண்டி ஹாரன் அடித்தது. “சார், கெளம்பலாமா?” என்று பிரகாஷ் கூப்பிட்டான்.

“அப்பா, நாளைக்கு ஸ்கூலு” என்றாள் பிரவீனா. “இன்னைக்கு முடிவு பண்ணுப்பா. இதுதானா நம்ம வீடு?”

அடுத்த வாரம் இதைவிடப் பெரிது என்ற வரிக்காகக் காத்திருந்தேன். சொன்னதும் அந்தப் பிரகாஷ் முன்னாலேயே மானத்தை வாங்கிவிடுவது என்று நாக்கில் வார்த்தையைத் தயாராக வைத்திருந்தேன்.

அவர் ஃபைலை என் கையில் கொடுத்தார். கல் வரிசையைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கம் போனார். அங்கே வாசலுக்காக இரண்டு கல் இடம் விட்டிருந்தாள். அதன் முன்னால் நின்று தோல் செருப்பைக் கழற்றி, ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தார். பிறகு, கொதிக்கிற மண்ணில், வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனார்.