லொறியைப் பிடித்து ஏறிய மேடு

பொறுமை எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது. பஸ் கொஞ்சம் பிந்தினாலே ரோட்டுக்கும் கடைக்குமாக நடந்துகொண்டிருப்பேன். அப்படிப்பட்டவன் மோட்டார் சைக்கிளை விட்டுச் சைக்கிளுக்கு மாறினேன் என்றால், அதற்குக் காரணம் என் மகளின் இழுப்பு.

இரண்டு வயதுப் பிள்ளை. விடியற்காலைக் குளிரில் நெஞ்சு கீச்சுக் கீச்சென்று இழுக்கும். பதுளை ஆஸ்பத்திரியில் காட்டினோம். வீட்டுக்குள் புகை வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். வந்ததும் வராததுமாக நான் மனைவியின் விறகடுப்பின் மேல் பாய்ந்தேன்.

"அடுப்பு பின்னாலதானே இருக்கு? ஒங்க பைக்க எங்க வச்சு உறும விடுறீங்க?" என்றாள்.

மழைக்குப் பயந்து பைக்கை வாசலில் கூரை போட்ட இஸ்தோப்பில்தான் நிறுத்துவேன். இன்ஜின் சூடாகும்வரை அங்கேயே ஓடவிடுவேன். தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு நடுவே சுவர் கூரைவரை போவதில்லை. என் புகை பக்கத்து வீட்டுக்கும் போய் வரும். ரோட்டுக்குத் தள்ளிப்போய் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். லயம் ரோட்டுக்குக் கீழே இருக்கிறது. புகை பனியோடு இறங்கி வந்தது. கடைசியில் அடுப்பு காஸுக்கு மாறியது, பைக் மச்சானிடம் போனது.

காலையில் சைக்கிளில் லுணுகலை டவுன் கடைக்கு வேலைக்குப் போவது சுகம், ஒரே இறக்கம். மாலையில்தான் உயிர் போகும். பாதி மேட்டைத் தள்ளிக்கொண்டே ஏற வேண்டும். "என்ன, பெட்ரோல் தீந்துபோச்சா?" என்று கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிற்பவர்கள் கேட்பார்கள். எரிச்சலாக வரும். பஸ்ஸெல்லாம் கரும்புகை கக்கும்போது நான் ஒருவன் மிதித்தால் மலை சுத்தமாகிவிடுமா என்று என்னையே திட்டிக்கொள்வேன். ஆனாலும் மகள் அந்த மாதம் ஒழுங்காகத் தூங்கினாள்.

ஒருநாள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. மேட்டில் கொழுந்து லொறி என் பக்கத்தில் ஊர்ந்தது.

"பின்னால புடிச்சிக்கங்கண்ணே!" என்று கத்தினான் டிரைவர்.

யோசிக்கவே இல்லை. ஒரு கையால் பின்கதவைப் பிடித்தேன். காலை அசைக்காமலே மேடு ஏறினேன். முகத்தில் புகை அடித்தது, கண் எரிந்தது. அதையெல்லாம் யார் பார்த்தார்கள்? சிரித்துக்கொண்டே வீடு வந்தேன்.

மகள் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு என் சட்டையில் முகத்தைப் புதைத்தாள். கொஞ்ச நேரத்தில் இருமினாள். அப்புறம் அந்தக் கீச்சு. மனைவி என் சட்டையை முகர்ந்து பார்த்தாள், பிள்ளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திட்டியிருந்தால் தேவலை. நான் பயந்துபோனேன்.

அடுத்த நாளும் அதே மேட்டில் அதே லொறி.

"புடிங்கண்ணே!"

"நீங்க போங்க தம்பி. நான் மெதுவா வாரேன்."

மெதுவாக என்று என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. லொறி வளைவில் மறைந்து புகை கலையும்வரை ஓரமாக நின்றேன். கால் நிற்க மாட்டேன் என்றது. நிறுத்திவைத்தேன்.

வீடு சேர்ந்தபோது மகள் தூங்கிப்போயிருந்தாள். குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு அவள் நெஞ்சில் காதை வைத்தேன். மூச்சு சத்தமில்லாமல் போய்வந்தது. சோறு ஆறுகிறது என்று மனைவி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் அசையவில்லை.