இகாரஸின் கல்லறைக்குப் பூ வைக்கப் போனது

குவைத் கரைக்கு எதிரே ஃபைலகா என்றொரு தீவு இருக்கிறது. எனக்கு எட்டு வயதிருக்கும்போது, நாங்கள் குடியிருந்த ஃபஹாஹீலில் எங்களோடு மாதா கோயிலுக்கு வரும் சில குடும்பங்கள் சேர்ந்து அங்கே பிக்னிக் போனோம். நர்ஸான அம்மாவுக்கும், எண்ணெய் வயல் சைட்டில் டெக்னீஷியனான அப்பாவுக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பது அபூர்வம். அதனால் காலையிலிருந்தே வீடு கல்யாண வீடாகத்தான் இருந்தது.

அம்மாவின் தம்பியான மாமாவும் வந்திருந்தார். அவர் சொல்லும் கதையில் பாதி உண்மை, பாதி சொந்தச் சரக்கு. பிரித்தறிவது கேட்பவர் பாடு. ஆதி காலத்தில் கிரேக்கர்கள் இந்தத் தீவை இகாரஸ் என்று அழைத்தார்கள் என்று படகில் ஆரம்பித்தார். இகாரஸ் ஒரு பையன். ஒரு ராஜா அவனையும் அவன் அப்பாவையும் சிறை வைத்தான். கைத்தொழிலில் கெட்டிக்காரரான அப்பா, இறகுகளை மெழுகால் ஒட்டி இரண்டு பேருக்கும் சிறகு செய்தார். சூரியன் பக்கம் போகாதே என்று படித்துப் படித்துச் சொன்னார். பறக்கிற சந்தோஷத்தில் பையன் மேலே மேலே போனான். மெழுகு உருகிக் கடலில் விழுந்தான். அப்பா திரும்பிப் பார்த்தபோது தண்ணீரில் இறகுகள் மட்டும் மிதந்தன. பிறகு உடலைக் கண்டெடுத்து ஒரு தீவில் அடக்கம் செய்தார்.

அந்தத் தீவு கிரேக்க நாட்டுக் கடலில் இருக்கிறது. இதற்கு அதன் பெயரைப் பிற்பாடு வைத்தார்கள், அவ்வளவுதான். மாமா அந்த விவரத்தை வசதியாக விட்டுவிட்டார்.

"கல்லறை இங்கனதான் எங்கயோ கெடக்கு" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஊரில் கல்லறைத் திருநாளன்று எல்லாருக்கும் பூவும் மெழுகுவர்த்தியும் வைப்போம். இந்தப் பையனுக்கு யார் வைப்பார்கள்?

சாப்பாடு முடிந்து பெரியவர்கள் பாய் விரித்துச் சாய்ந்ததும் நழுவினேன். போரின்போது ஜனங்கள் விட்டுப்போன வீடுகள் சுவரெல்லாம் குண்டு துளைத்த ஓட்டைகளோடு நின்றன. அவற்றைத் தாண்டி, மணலில் சாய்ந்து கிடந்த கம்பிவேலிக்கு அப்பால், ஒரு கற்குவியல் தெரிந்தது. வேலியைத் தாண்டிப் போய், தலையிலிருந்த மல்லிகைச் சரத்தை அதன்மேல் வைத்து, ஒரு பரலோக மந்திர ஜெபமும் சொன்னேன்.

"மக்ளே."

வேலியருகில் அப்பா நின்றார். பென்சில் தொலைந்தாலே வீடு அதிரக் கத்துகிறவர், அன்று தூங்குகிற குழந்தையை எழுப்புவதுபோல் பேசினார்.

"அனங்காத. அங்கனயே நில்லு. அப்பா வாறேன்."

மணலைப் பார்த்தபடி, என் செருப்புத் தடங்களின்மேல் நுனிக்காலை வைத்து வைத்து வந்தார். விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்து நான் கைதட்டிச் சிரித்தேன். என்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்து, அதே தடங்களில் திரும்பினார். தூரத்தில் படகு ஹாரன் அடித்தது.

"சீக்கிரம்ப்பா, போட் போயிரும்."

"போவட்டும்."

வேலியைத் தாண்டியதும் என்னை இறக்கிவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். ஓடிவந்த அம்மா முதலில் என் முதுகில் ஒன்று வைத்தாள், பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். மாமா கெஞ்சிக் கூத்தாடிப் படகை நிறுத்தி வைத்திருந்தார். அதன்பின் அவர் எனக்குச் சொன்னதெல்லாம் பைபிள் கதைகள் மட்டுமே.

வேலியோரம் துருப்பிடித்த பலகை ஒன்று விழுந்து கிடந்ததையும், அதில் மண்டையோட்டுப் படம் இருந்ததையும் நான் கல்லூரியில் படிக்கும்போதுதான் அம்மா சொன்னாள். போரில் புதைத்த கண்ணிவெடிகளுக்கு வைத்த பலகை அது. எல்லாவற்றையும் எடுத்தாயிற்று என்று குவைத்தில் பேச்சு. அந்த இடத்தையும் சுத்தம் செய்தார்களா என்பது அப்பாவுக்குத் தெரியாது. அப்படியொரு பலகையைக் கண்டால் ஓரடிகூட எடுத்து வைக்கக் கூடாது என்று மட்டும் சைட்டில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அப்பாவிடம் இதைப் பற்றி நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இப்போதும் போனில் அவர் குரல் கேட்டால் என் மனசு நிறைந்துவிடும். அன்று அவருடைய பாதம் என் தடத்தைப்போல் இரண்டு மடங்கு. என் தடத்துக்குள் அவர் விரல்நுனி மட்டுமே அடங்கும். அப்படி நடந்தவரின் தோளில் உட்கார்ந்து, குதிரை ஓட்டுவதுபோல் நான் காலை ஆட்டிக்கொண்டு வந்தேன்.