மஞ்சள் தடவிய மீனைச் சுவரில் மாட்டியது

டெக்சஸில், கேட்டி என்ற ஊரில் எங்கள் வீட்டு ஹாலில், மற்றவர்கள் தஞ்சாவூர் ஓவியம் மாட்டும் இடத்தில், ஒரு மீன் இருக்கிறது. நிஜ மீன், பதப்படுத்தியது. வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். மீதிப் பேர் என் மனைவியைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். நான் அசைந்து கொடுப்பதில்லை. மீனும்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கால்வெஸ்டன் பக்கம் கடலுக்குள் நீட்டிப் போட்ட கற்களின் மேல் நின்று அதைப் பிடித்தேன். ரெட்ஃபிஷ் என்பார்கள். நம் ஊர்க் கத்தாளை மீனுக்கு அமெரிக்காவில் செட்டிலான பெரியப்பா மகன் மாதிரி இருக்கும், வாலருகே கறுப்புப் பொட்டு வைத்துக்கொண்டு. அத்தனை பெரியதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமானால், மீன்பிடி லைசன்ஸோடு வரும் சீட்டை எடுத்து அதன் மேல் கட்ட வேண்டும். கட்டினேன். என் கல்யாணத்தில் மூன்று முடிச்சுப் போட்டபோதுகூட அத்தனை இறுக்கிக் கட்டவில்லை.

இதற்கு முன் நான் பிடித்ததெல்லாம் ஜலதோஷம்தான். ஆகவே இதை மாட்டியே தீருவது என்று வரும் வழியில் ஃப்ரீவேயிலேயே முடிவு செய்தேன். இறந்த விலங்குகளைப் பதப்படுத்தும் கடைகள் டெக்சஸில் டோனட் கடைகளுக்கு அடுத்தபடியாக உண்டு. மறுநாள் கொண்டுபோகலாம் என்று மீனைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

என் மனைவி தூத்துக்குடிக்காரி. அவள் கண்ணெதிரே ஒரு மீனை வைத்துவிட்டுக் குளிக்கப் போனவனை என்னவென்று சொல்வது? தலை துவட்டிக்கொண்டு வந்தபோது குடல் போயிருந்தது, செவுள் போயிருந்தது, ஒரு பக்கம் செதில் சீவியாகியிருந்தது. மேலெல்லாம் மஞ்சளும் உப்பும். என் மீன் நலங்கு வைத்த மாப்பிள்ளை மாதிரி படுத்துக் கிடந்தது.

"ஏங்க, தலைய தனியா குழம்பு வைக்கவா, எல்லாத்தையும் ஒண்ணா போட்டுரவா?"

"ஐயோ, நிறுத்து! அத சுவத்துல மாட்டணும்!"

கத்தி நின்றது. "எத?"

"மீன."

"மீன குழம்பு வைப்பாவ, வறுப்பாவ, மிஞ்சினா கருவாடு போடுவாவ. சுவத்துல மாட்டி வச்சுப் பாக்குத ஆளுவள எங்கூர்ல நான் பாத்ததே இல்ல. ஓடி ஜெயிச்சா ட்ராஃபி குடுப்பாவ, சரி. மீனே ட்ராஃபியா?"

"ஆமா."

"சாமி படத்துக்கு எதுத்தாப்லயா?"

"ஆமா."

என் பெண் மாடிப்படியில் நின்று, "டாட், தட்ஸ் ஸோ க்ரோஸ்" என்று முகம் சுளித்துத் தீர்ப்பு வழங்கிவிட்டு மேலே போனாள்.

எனக்கு அப்போது ஒரு பிடிவாதம் வந்தது. இந்த நாட்டில் என்னிடம் இருந்த எல்லாமே யாரோ ஒருவர் தயவில் இருந்தது. வேலை கம்பெனி பார்த்துக் கொடுத்தது. வீடு பேங்க் பெயரில் இருந்தது. க்ரீன் கார்டு வக்கீலின் மேஜையில் இருந்தது. நானே நின்று, நானே இழுத்து, நானே சம்பாதித்தது இந்த ஒரு மீன். அதைச் சோற்றில் பிசைந்துவிட்டால் மறுநாள் காலை என்னிடம் ஏப்பம்தான் மிஞ்சும்.

பதப்படுத்துவது தோலைத்தான் என்று சொன்னதும், மனைவி ஒரு நிபந்தனை போட்டாள். "தோலுதான வேணும்ங்கிய? சதைய திருப்பிக் கொண்டாங்க."

மறுநாள் லீவு போட்டுவிட்டு, ஐஸ் பெட்டியோடு போனேன். கடைச் சுவர் முழுக்க மான் தலைகள். எல்லாமே என் மானேஜர் மாதிரி, கேட்பது போல் பார்த்துக்கொண்டு எதையும் கேட்காத முகங்கள். கடைக்காரர் தாடி வைத்த பெரிய உடம்புக்காரர். பையைத் திறந்ததும் முகர்ந்தார். நீயே பெயின்ட் அடித்துவிட்டாயா என்று கேட்டார்.

மஞ்சளை விளக்கினேன். அவருக்கு விளங்கவில்லை. மீனைக் கீறாமல், சீவாமல், ஈரத்துணியில் சுற்றி அப்படியே ஃப்ரீஸ் பண்ணிக் கொண்டுவருவதுதான் மனிதர்கள் செய்வது என்றார். இதைத் தூக்கிப் போடு, அதே நீளத்தில் ஃபைபர் மீன் செய்து தருகிறேன், ஒருவருக்கும் தெரியாது என்றார்.

"எனக்குத் தெரியும்" என்றேன். ஆபீஸ் மீட்டிங் எதிலும் எனக்கு வாய்க்காத ஆங்கிலம் அன்று வாய்த்தது. சுவரில் மாட்டுகிற மீனின் மறுபக்கத்தைச் சுவர் மட்டும்தானே பார்க்கப்போகிறது? சீவிய பக்கம் உள்ளே போகட்டும். சீவாத பக்கம் வெளியே இருக்கட்டும்.

அவர் மீனைப் புரட்டிப் பார்த்தார். தோல் உரிக்கும் கீறலை எப்படியும் பின்பக்கத்தில்தான் போடுவாராம். காய்ந்தால் எந்த மீனுக்கும் நிறம் நிற்காது, எல்லாம் பெயின்ட்தான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. செவுள் இல்லாததால் வாயை மூடித்தான் வைக்க முடியும், கியாரன்டி கிடையாது என்றார். கியாரன்டி கேட்க நான் வாஷிங் மெஷினா வாங்க வந்தேன்?

"சதை எனக்கு வேண்டும்" என்றேன்.

"எதற்கு?"

"சாப்பிட."

என் முகத்தில் சிரிப்பைத் தேடினார். இல்லாததால், மேஜையில் புதுத் தாள் விரித்து, அங்கேயே உரித்து, சதையை என் பெட்டியில் போட்டார். தலையையும் கேட்டுப் பார்த்தேன். மண்டை இல்லாமல் மீனுக்கு முகம் ஏது என்று கதவைக் காட்டினார்.

அன்றைய குழம்பைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொன்னவள் மனைவிதான். "தலை இல்லாத குழம்பு ஒரு குழம்பா?"

சில மாதம் கழித்து மீன் வந்தது. வாசலைப் பார்த்தபடி மாட்டி, வருகிறவர்களை வரவேற்க வைக்கலாம் என்பது என் கனவு. ஆனால் மிஞ்சியது வலது பக்கம். வலது பக்கத்தைக் காட்டும் மீன் வலப்புறம்தான் பார்க்கும். எங்கள் ஹாலில் வலப்புறம் சாப்பாட்டு மேஜை. தன் சதையைத் தின்ற மூன்று பேரையும் அது தினமும் பார்த்தது. பெண் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். நான் திருப்பவில்லை.

ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் தீபாவளி பாட்லக்குக்கு வந்த நண்பர் ஒருவர், எல்லோர் சார்பிலும் பேசினார். "தப்பா நினைக்காதீங்க சார், வீட்டுக்குள்ள செத்தது இருந்தா ஆகாதும்பாங்க. ஃபைபர்லயே சூப்பரா கிடைக்குது. அத மாட்டிட்டு இத டிஸ்போஸ் பண்ணிரலாமே?"

நான் வாயைத் திறப்பதற்குள், கையில் கரண்டியோடு மனைவி வந்தாள்.

"ஃபைபர வச்சுக் குழம்பு வைக்க முடியுமா அண்ணே? இது எங்க வீட்டுக்காரர் பிடிச்சது, நான் மஞ்சள் போட்டது, நாங்க சாப்பிட்டது. அது அங்கனதான் இருக்கும். நீங்க வடை எடுத்துக்கோங்க."

அவர் வடையை எடுத்துக்கொண்டார். நான் மீனைப் போலவே வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்து நின்றேன். அவள் என்னைக் கடந்து போகையில் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"இருந்தாலும் அந்தத் தலைய விட்டுட்டு வந்தீயளே."