முதலில் காதை மாற்று

என் அக்காவுக்கு இடது காது கேட்காது. தகடு வெட்டும் தொழிற்சாலையில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் காற்றுக் குழாய் ஒன்று அவள் தலைக்குப் பக்கத்தில் வெடித்தது. அன்றோடு போயிற்று. யாரும் பரிதாபப்பட வேண்டாம். பரிதாபப்பட வந்தவர்களை அவள் வாசலோடு அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். தகட்டை வெட்டும் அச்சு மழுங்கினால், தகட்டில் பிசிறு தெரிவதற்கு முன்பே சத்தத்தை வைத்து மெஷினை நிறுத்திவிடுவாள், அதே ஒற்றைக் காதால். சூப்பர்வைசர் முதலில் கத்துவார். அச்சைக் கழற்றிப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்வார்.

அவள் வீடு ஒரே அறை. சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். அதனால் இசைத்தட்டுகளை ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டுதான் கேட்பாள். அவளுக்கு உயிரான தட்டு ஒன்று உண்டு. ஒரு பெண் பாடுகிறாள், கூடவே ஒரு வயலின். பாட்டு வலது பக்கம் கேள்வி கேட்கும், வயலின் இடது பக்கம் பதில் சொல்லும். காது போனதிலிருந்து பாட்டு மட்டும்தான்.

"அவ கேட்டுக்கிட்டே நிக்கிறா, பதில் சொல்ல ஆளில்ல" என்று ஒரு நாள் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இந்த வருஷம் போனஸ் வந்ததும், பாட்டுக் கேட்கும் செட்டில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றலாம் என்று முடிவு செய்தாள். எதை முதலில் என்று எங்களிடம் வாய்விட்டுக் கேட்டதுதான் தப்பு. எங்கள் அண்ணன் எல்லாவற்றிலும் மூக்கை நுழைப்பவன். ஃபோனில் நாலு வீடியோ பார்த்தால் போதும், நிபுணனாகிவிடுவான்.

"ஸ்பீக்கர்தான் முதல்ல" என்றான். ஹெட்ஃபோனில் கேட்கிறவளுக்கு ஸ்பீக்கர்! மறுநாள், "இல்ல இல்ல, தட்டு சுத்துற மெஷினை மாத்து" என்றான். மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டே, "உண்மையைச் சொல்லணும்னா, நீ முதல்ல மாத்த வேண்டியது காதைத்தான்" என்று சொல்லி அவனே சிரித்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"நாளைக்குக் கடைக்குப் போறேன். நீயும் வாண்ணா."

மூவரும் போனோம். கடைக்காரருக்குத் தன் செட்டுகள் மேல் அப்படியொரு பெருமை. அக்கா தன் தட்டையும் ஹெட்ஃபோனையும் நீட்டினாள். அவர் தட்டைச் சுழலவிட்டு, ஒரு ஆம்ப்ளிஃபயரில் கேட்கச் சொன்னார், பிறகு அதைவிட விலை கூடிய இன்னொன்றில்.

"எப்படி? தேன் மாதிரி இல்ல?"

"வயலின் வரல."

"இடது பக்கம் கணீர்னு வருதேம்மா!"

"எனக்கு இடது பக்கம் கிடையாது. ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாக் கலந்து குடுக்கிற ஆம்ப்ளிஃபயர் இருக்கா?"

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கூரையைப் பார்த்தான்.

"மோனோ ஸ்விட்ச் வெச்ச பழசு ஒண்ணு கிடக்கு. அதைப் போட்டா ஸ்டீரியோ செத்துப்போயிடுமேம்மா."

"எனக்கு அது செத்து மூணு வருஷமாச்சு. எடுங்க."

தூசி தட்டி, வேண்டா வெறுப்பாக ஒயர்களை மாட்டினார். அக்கா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஸ்விட்சைத் தானே அழுத்தினாள். பிறகு என் கையைப் பிடித்தாள். வயலின் வந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

திடீரென்று அவள் முகம் மாறியது. சட்டென்று கையை விட்டு, ஊசியைத் தட்டிலிருந்து தூக்கிவிட்டாள்.

"என் தட்டுல இனிமே இந்த ஊசியை வைக்காதீங்க."

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"வயலின் சத்தம் ஏறும்போதெல்லாம் பிசிறடிக்குது. தட்டுல கீறல்னா ஒரு இடத்துலதான் வரும். இது உங்க ஊசி தேஞ்ச சத்தம்."

"நாள் பூரா கேக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

"நாள் பூரா கேட்டதாலதான் தெரியல. எங்க மெஷின்லயும் இப்படித்தான், பழகிப்போயிடும்."

அண்ணன் ஹெட்ஃபோனை வாங்கி மாட்டி, இன்னொரு தட்டைப் போடச் சொல்லிக் கேட்டான். "நல்லாத்தானே இருக்கு?" என்றான். கடைக்காரர் ஊசியைக் கழற்றி, பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ஒரு பக்கம் சுத்தமா தேஞ்சிருக்கு" என்று முணுமுணுத்தார்.

தினமும் எத்தனை பேர் அந்த ஊசியை இரண்டு காதாலும் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள்!

அக்கா பணத்தைக் கொடுத்துவிட்டு, பழைய ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி அண்ணன் கையில் வைத்தாள். நல்ல கனம். அவன் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றான்.

"கீழ போட்டுடாதண்ணா" என்றாள். "காதை இப்போதைக்கு மாத்துறதா இல்ல."