மாமா படகுக்கு வந்த காம்பஸ்

எங்கள் மாமா கல்யாணம் ஒரு காம்பஸை நம்பித்தான் நடந்தது என்று நான் சொன்னால் வீட்டில் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தக் காம்பஸுக்கு எதிரே முட்டி இடிக்க உட்கார்ந்து போனவள் நான்தானே!

மாமா என்றால் அம்மாவுக்குத் தம்பி. காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு, உப்புக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று மலைக்கே திரும்பி வந்தவர். ஏரிக்கு இந்தக் கரையில் எங்கள் ஊர், அந்தக் கரையில் இன்னொரு ஊர். சுற்றி நடந்தால் கால் கழன்றுவிடும். மாமா ஒரு சின்னப் படகைக் கட்டி, அக்கரை ஜனங்களை ஏற்றிவந்து ஜமுனாமரத்தூர் போகிற முதல் பஸ்ஸுக்கு விட்டார். சாமை மூட்டை, புளி, கோழி எல்லாம் படகேறின. ஐப்பசி வரைக்கும் தொழில் அமோகம்.

அதற்கப்புறம் பனி இறங்கிவிடும். நீட்டின கை நமக்கே தெரியாது. வெயில் ஏறும்வரை படகு கரையில் கவிழ்ந்து கிடக்கும், பஸ் போயே போய்விடும். இந்த லட்சணத்தில் மாமா அக்கரையில் ஒரு பெண்ணைக் கேட்டிருந்தார். பெண்ணின் அப்பா எங்கள் அப்பாவிடம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

“பனி வந்தா மூடிக்கிற தொழில நம்பி பொண்ணக் குடுக்க முடியுமாங்க? தை வரைக்கும் பாக்கறேன். சந்தவாசல்லருந்து ஒரு எடம் வந்துகினு கீது.”

மலைக்குக் கீழே, சந்தவாசல் மாப்பிள்ளைக்கு மளிகைக்கடை. கடைக்குப் பனி ஏது? மாமா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கும் இதில் ஒரு வயிற்றெரிச்சல் இருந்தது. நான் முறைப்பெண். “மாமனக் கட்டிக்கிறியாடி?” என்று கேட்டுக் கேட்டு வளர்த்த ஜனங்கள், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அக்கரைக்குப் பெண் கேட்கப் போய்விட்டார்கள். எனக்குப் பத்து வயதுதான், அதனால் என்ன? ஆனாலும் மாமா ஒரு மளிகைக்கடையிடம் தோற்பதை என்னால் தாங்க முடியவில்லை.

லாஞ்சில் இருந்த மாதிரி, பனியிலும் திசை காட்டுகிற காம்பஸ் ஒன்று வாங்க மாமா மெட்ராஸுக்கு பஸ் ஏறினார். மூர் மார்க்கெட்டில் காம்பஸ் பொறுக்கிய கதையை வந்து நடித்தே காட்டினார். கடைக்காரர் மூன்று எடுத்து வைத்தாராம். முதலாவதில் கண்ணாடிக்குள் பெரிய நீர்க்குமிழி, சாய்த்தால் முள் அதில் போய் முட்டிக்கொண்டது. இரண்டாவது பளபளவென்று இருந்தது, முள் மட்டும் நிற்கவே மாட்டேன் என்றது. மூன்றாவது அடிபட்ட பித்தளை டப்பா. மாமா சாவிக்கொத்தைக் கிட்டே கொண்டுபோய் முள்ளை இழுத்து இழுத்து விட்டார். ஒவ்வொரு தடவையும் அது பழைய இடத்துக்கே வந்து அடங்கியது.

“இன்னாய்யா, பொண்ணு பாக்கற மாதிரி பாக்கற?” என்றாராம் கடைக்காரர்.

“அதுக்குத்தாங்க வாங்கறதே” என்றாராம் மாமா.

அதைப் படகில் பொருத்திய அன்று ஊரே கரைக்கு வந்துவிட்டது. “இது இன்னா கடலா? தும்மினா அக்கரையில கேக்கும்” என்று அப்பா கேலி செய்தார். மாமா காதில் வாங்கவில்லை. முன்னாலிருந்து பின்னால் வரை நூல் கட்டி நடுவைக் குறித்தார். ஆனால் அங்கே வைத்தால் பலகையில் அடித்திருந்த இரும்பு ஆணிகள் முள்ளைப் படுத்திவைத்தன. ஆணிகளைப் பிடுங்கிவிட்டு மரமுளை அடித்தார். ஒரு வேங்கைப் பலகையை மேடை போல ஏற்றி, பித்தளைத் திருகாணி போட்டுக் காம்பஸை முடுக்கினார். பிறகு ஒரு வெயில் நாளில் படகை அக்கரைத் துறைக்கு நேராக நிறுத்தி, முள் நிற்கிற இடத்தில் டப்பாவின் விளிம்பில் சிவப்பு பெயிண்டால் ஒரு பொட்டு வைத்தார். சிவப்பில் முள் நின்றால் துறை. அவ்வளவுதான் கணக்கு. படகேறுகிறவர்கள் கத்தி, கொடுவாள், பூட்டு எதையும் முன்பக்கம் கொண்டுவரக் கூடாது என்று சட்டமும் போட்டார்.

தை பிறந்தது. பெண்ணின் அப்பா சொல்லி அனுப்பினார்: தாம்பூலத் தட்டு படகிலேயே வரட்டும், வெயில் ஏறுவதற்கு முன்னால் வரட்டும், வந்தால் தட்டு மாற்றிக்கொள்ளலாம். வராவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

பெரியவர்கள் எல்லாரும் படகை நம்பாமல் இருட்டோடு நடந்தே கிளம்பிவிட்டார்கள். தட்டுக்குக் காவல் நான். முறைப்பெண்ணே தூக்கினால் மனக்குறை இருக்காது என்று யாரோ புண்ணியவதி சொல்லிவிட்டாள். எப்படி இருக்கும் எனக்கு! அம்மா கூடை நிறைய அதிரசமும் ஒரு தூக்கில் கறிக்குழம்பும் வைத்துவிட்டுப் போயிருந்தாள். எண்ணெய்ப் பலகாரமும் கறியும் ஊர் தாண்டினால் காத்து கருப்பு கூடவே வரும், இரும்பு வைத்தால்தான் ஒட்டாது. அதனால் கூடைக்குள் ஒரு கருக்கரிவாளையும் செருகியிருந்தாள். மாமாவே கூடையைத் தூக்கி, தண்ணீர் படாமல் இருக்கட்டும் என்று முன்னால், காம்பஸ் மேடைக்குப் பக்கத்தில் வைத்தார்.

பால்சட்டிக்குள் இறங்கின மாதிரி இருந்தது. முள் சிவப்பில் நிற்கிறதா என்று பார்த்துப் பார்த்து நான் சொல்ல, மாமா துடுப்புப் போட்டார். வெகுநேரம் ஆகியும் துறை வரவில்லை. தலைக்கு மேலே வெளுத்துக்கொண்டு வந்தது.

“மாமா, அக்கரை ஊரு நாயிங்க எல்லாம் பின்னாடி கொலைக்குது.”

“நீ முள்ளப் பாரு, நாயப் பாக்காத.”

கோரைப்புல்லில் படகு சரசரவென்று ஏறி நின்றது. துறை இல்லை, ஓடை வந்து ஏரியில் விழுகிற இடம். அங்கே இடுப்பில் குடத்தோடு ஒரு பெண் நின்றிருந்தாள். யார் என்று பார்த்தால், நாங்கள் தட்டு எடுத்துக்கொண்டு போகிற அதே பெண்!

“தொறை அந்தப் பக்கம் கீது, இங்க வந்துகிறீங்க?” என்றாள்.

“காம்பஸ் இட்டாந்துடுச்சி.” மாமாவின் குரல் சட்டென்று இறங்கியது. “ஒங்கப்பாவ எல்லாரும் கேட்டாச்சு. ஒன்ன ஒருத்தரும் கேக்கல. இஷ்டந்தானா?”

அவள் தண்ணீரையே பார்த்தாள். பிறகு சொன்னாள்: “சந்தவாசல்ல பனியே கெடையாதாமே. பனி இல்லாத ஊர்ல எனக்குத் தூக்கம் வராது.”

நேரமாகிறது, இவர்கள் பனியைப் பற்றிப் பேசிக்கொண்டு நிற்கிறார்களே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. கூடையைக் கோபத்தில் இழுத்தேன். முள் திரும்பியது! “மாமா, அரிவா! கூடையில அரிவா!” என்று கத்தினேன். மாமா பட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். அரிவாளைப் பின்பக்கம் வீசினேன். “கரையோரமாவே போங்க, சீக்கிரம்” என்று சொல்லிவிட்டு அவள் புல்லுக்குள் ஓடிவிட்டாள்.

துறையில் பெண்ணின் அப்பா கண்ணுக்குமேல் கை வைத்து நின்றிருந்தார். வெயிலுக்கு முன்னால் நாங்கள் பனியைக் கிழித்துக்கொண்டு வந்து சேர்ந்தோம். அவர் காம்பஸைக் குனிந்து பார்த்தார், “ம்” என்றார், என் கையிலிருந்த தட்டைத் தானே வாங்கிக்கொண்டார். மாமா முகத்தைப் பார்க்க வேண்டுமே! என் வயிற்றெரிச்சல்கூட அந்த நிமிஷம் எங்கோ போய்விட்டது.

பெண்ணைக் கூட்டிவந்தார்கள். “மாப்பிள்ளைய நல்லா பாத்துக்கம்மா” என்றாள் அம்மா. அந்த அம்மணி அப்போதுதான் பார்ப்பவள் போலத் தலையை நிமிர்த்திப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன், மாமா ஒரு அதிரசத்தை அதற்குள் வைத்து அடைத்தார்.

அரிவாள் கதையைத்தான் சொல்லக் கிடைத்தது. இரும்பு முள்ளை இழுக்கும், முள் படகைத் திருப்பும், எல்லாம் உன்னால்தான் என்று கூடம் நிறைந்த ஜனத்துக்கு முன்னால் அம்மாவுக்கு விளக்கினேன். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்ட பெருமை. தட்டு மாற்றுகிற நாளில், வீட்டு வாசலிலேயே கிணறு இருக்க, அந்தப் பெண் விடியற்காலைப் பனியில் ஆளில்லாத ஓடைக்கு ஏன் குடம் எடுத்து வந்தாள், இரும்பு ஆகாதென்று சட்டம் போட்ட மாமாவே கூடையை ஏன் முள்ளுக்குப் பக்கத்தில் வைத்தார் என்பதை மட்டும் நான் யோசிக்கவே இல்லை.