நீல ஜாக்கெட்டைப் பிரித்தது நான்தான்

பெங்களூர் அடுகோடியில் இன்று என் பெயரில் ஒரு தையல் யூனிட் ஓடுகிறது. மாடியில் கட்டிங் டேபிள், கீழே தையல் மிஷின்கள், பின்கட்டில் அயர்னிங். ஸ்ரீராம்புரத்தில் சொந்த வீடு. மகள் வக்கீல். இதில் எதுவும் அப்பன் சொத்து இல்லை. அவர் தெரு பெருக்கினார். ஏழாவதோடு பள்ளிக்கூடம் எனக்குப் பிடிக்கவில்லை, பள்ளிக்கூடத்துக்கும் என்னைப் பிடிக்கவில்லை. எக்ஸ்போர்ட் கம்பெனியில் நூல் வெட்டுகிற வேலைக்குப் போய், ஹெல்ப்பர், டெய்லர், கட்டிங் மாஸ்டர் என்று ஏறினேன். யாரும் கைகொடுத்துத் தூக்கவில்லை. காலைப் பிடித்து இழுத்தவர்கள் உண்டு. அவர்களில் பாதிப் பேர் இப்போது என்னிடமே வேலை கேட்டு வருகிறார்கள்.

1. காயலான் கடை மிஷின்

மூடிப்போன கம்பெனி ஒன்றிலிருந்து ஒரு பழைய ஃபீட்-ஆஃப்-ஆர்ம் மிஷினை வாங்கி வந்தேன். ஜாக்கெட்டின் பக்கவாட்டையும் கையையும் ஒரே ஓட்டமாக மடித்துத் தைக்கிற மிஷின் அது. துணியைச் சமமாக இழுக்காது. தையல் ஓரம் கயிறு மாதிரி முறுக்கிக்கொள்ளும். நான் டெய்லராக இருந்தபோது இந்தச் சுருக்கத்துக்காகவே தரம் பார்க்கிற கியூசி ஆள் என் பீஸை மூஞ்சியில் எறிந்திருக்கிறான். இப்போது படித்தவர்கள் அதற்கு ‘கேரக்டர்’ என்று பெயர் வைத்து, அதைக் கேட்டு என் மாடிப்படி ஏறுகிறார்கள். சுருக்கம் அதேதான். எறிந்தவன்தான் ரிட்டயர் ஆகிவிட்டான்.

2. கிளவுஸ் போட்ட தம்பி

அப்படி ஏறி வந்தவர்தான் கார்த்திக். அல்சூரில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம், தாத்தா அரசாங்க அதிகாரி. இவர் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு உடுப்பு பிராண்டு ஆரம்பித்திருந்தார். வெளிநாட்டில் பழைய உடுப்புகளைச் சேர்த்து வைக்கிற ஒருவரிடமிருந்து இரவலாக, இண்டிகோ சாயம் போட்ட ஒரு நீல ஜாக்கெட் கொண்டு வந்தார். எவனோ ஒரு பட்டறைத் தொழிலாளி கிரீஸ் கையோடு மாட்டிக் கழற்றிய ஜாக்கெட். அதை இவர் வெள்ளை கிளவுஸ் போட்டுத் தொட்டார்.

அச்சு அசலாக அதே மாதிரி வேண்டும் என்றார். சரி, உள் லேபிளில் என் பெயர் வர வேண்டும் என்றேன். கண்டிப்பா மாஸ்டர், அதுல என்ன இருக்கு என்றார். அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

இரண்டு சாம்பிள் போயின, இரண்டும் திரும்பின. துணி பழசு மாதிரி நடிக்கிறது என்று, சரக்கை வாங்குகிற வெளிநாட்டு பையர் எழுதியிருந்தாராம். கார்த்திக் முதலில் என் தையலைக் குறை சொன்னார். பிறகு சாயம் போடுகிற பாஷா பாயை. கடைசியில் பெங்களூர் தண்ணீரை. ஜாக்கெட்டின் வெளிர்நீலத்தைப் பார்த்து அதே ஷேடு போடச் சொன்னது யார் என்பதை மட்டும் மறந்துவிட்டார். மூன்றாவதும் திரும்பினால் ஆர்டர் போச்சு. ஆர்டரோடு என் லேபிளும் போச்சு.

3. ஒரே இழுப்பு

ஜாக்கெட்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றேன். கட்டிங் மாஸ்டர் எவனும் அப்படித்தான் பேட்டர்ன் எடுப்பான், துணி வெட்டுவதற்கான அச்சு அட்டையை. கார்த்திக் ஜாக்கெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“பிரிக்கவே கூடாது மாஸ்டர். அது இன்னொருத்தரோடது. அளவு எடுங்க, ஃபோட்டோ எடுங்க, போதும்.”

“பொண்ண ஃபோட்டோவுல பாத்துட்டே குடும்பம் நடத்துவீங்களா தம்பி?”

என் சீனியர் டெய்லர் மஞ்சுளா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஜாக்கெட்டை வாங்கி மேஜையில் விரித்தேன். இரவல், இன்ஷூரன்ஸ் என்று அவர் பேசிக்கொண்டே இருந்தார். நான் கையோரத்தில் பிளேடை வைத்தேன். அது செயின் ஸ்டிச். தைத்து முடித்த முனையை அறுத்து இழுத்தால் மொத்தமும் கழன்று வரும். தப்பான முனையில் இழுத்தால் இறுகிக்கொள்ளும். இழுத்தேன். கையிலிருந்து இடுப்பு வரைக்கும் சர்ரென்று வாய் பிளந்தது.

கார்த்திக் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “என்ன மாஸ்டர் பண்ணிட்டீங்க.”

“உள்ள பாருங்க.”

மடிப்புக்குள் ஒரு விரற்கடை அகலத்துக்கு, ஏறக்குறைய கறுப்பாகத் தெரிகிற நீலம். வெயிலும் சோப்பும் அங்கே போனதே இல்லை. ஷேடு பார்க்க வந்திருந்த பாஷா பாய் விரலால் தடவிப் பார்த்தார்.

“அரே, இது ஃபுல் கலருப்பா. வெளிய இருக்கறது வெறும் வெயிலு.”

பிறந்த குழந்தைக்கு நரைமுடி ஒட்டிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான் விஷயம். புதுத் துணி கருநீலமாகவே போக வேண்டும். வெளுப்பது, போடுகிறவன் வேலை.

பிரித்த ஓரத்தை என் காயலான் கடை மிஷினில் வைத்து, வீலைக் கையால் சுற்றி, பழைய ஓட்டைகளிலேயே ஊசியை இறக்கி மூடினேன். மஞ்சுளா துணியைப் பிடித்தாள். அவள் பிடித்திராவிட்டால் நடந்திருக்காது. அதையும் எழுதுகிறேன், ஏனென்றால் நான் கார்த்திக் இல்லை.

4. டீமாம் டீம்

மூன்றாவது சாம்பிளை பையர் ஒப்புக்கொண்டார். முதல் லாட் கடைக்குப் போனது. ஜாக்கெட்டில் தொங்கிய அட்டையை மகள் படித்துச் சொன்னாள்: நிறுவனரின் நீண்ட தேடலில், உள்மடிப்பில் மறைந்திருந்த அசல் நீலம் கண்டுபிடிக்கப்பட்டதாம். லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். பிராண்டு பெயர், சைஸ், துவைக்கும் முறை. துவைக்கிறவனுக்குக்கூட இடம் இருந்தது.

ஃபோன் போட்டுக் கேட்டேன்.

“லேபிள் சின்னது மாஸ்டர். அட்டைல ‘எங்க டீம்’னு போட்டிருக்கோமே, அதுல நீங்களும் இருக்கீங்க.”

“நான் நூல இழுத்தப்ப உங்க டீம் எங்க இருந்துச்சு தம்பி? நீங்க கிளவுஸோட கண்ண மூடிட்டு இருந்தீங்க.”

மீட்டிங் இருக்கிறது என்று ஃபோனை வைத்துவிட்டார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வாய்வார்த்தையை நம்பி வேலையை முடித்துக் கொடுக்காதீர்கள். லேபிள் எப்படி அச்சாகப் போகிறது என்று முதலில் காட்டச் சொல்லுங்கள். நான் அதில் ஏமாந்தேன். ஆனால் பேட்டர்னைக் கையைவிட்டுக் கொடுக்கவில்லை. வெட்டி வைத்த பேட்டர்ன் அட்டை எல்லாம் என் சுவரில்தான் தொங்குகிறது.

இரண்டாவது லாட்டுக்குத் துணி வந்து இறங்கிவிட்டது. தினமும் ஃபோன் வருகிறது. நான் சொல்வது ஒன்றுதான். பேட்டர்ன்: முனுசாமி மாஸ்டர், அடுகோடி. தையல்: மஞ்சுளா. சாயம்: பாஷா. இந்த வரிசையில், கண்ணாடி இல்லாமல் படிக்கிற எழுத்தில் லேபிள் அடித்துக்கொண்டு வாருங்கள். அதைப் பார்த்த பிறகுதான் கட்டிங் மிஷினுக்கு ஸ்விட்ச் போடுவேன்.