நடுவில் வீசிய கிழக்குக் காற்று

காத்தான்குடி நிஸ்தார் ஒரு தடவை பொய் எழுதினவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரும் அதைத்தான் முதலில் சொல்லும். வாவிக்கரை வானிலை நிலையத்தில் பலூன் விட்டுக் காற்றை அளப்பது அவர் வேலை. 2015இல் ஒரு பலூன் பாதி வழியில் வெடித்துவிட, முந்தின நாள் கணக்கையே பார்த்தெழுதி அனுப்பிப் பிடிபட்டார். இன்னொரு பிழை வந்தால் வேலை இல்லை என்று கடிதம் கிடைத்தது. பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடைக்காது என்பார்களே, அது அவருக்குத் தெரியாததல்ல.

2016 மாசியில்தான் வினை வந்தது. இருபத்திரண்டு கிலோமீற்றர் உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து வீசுவதாக மூன்றாம் நாளும் கருவி காட்டியது. அந்த உயரத்தில் காற்று ஒரு வருஷம் போல மேற்கிலிருந்தும், அடுத்த வருஷம் போல கிழக்கிலிருந்தும் முறை வைத்து வீசும். அறுபது வருஷமாக அந்த முறை குழம்பியதாக எவரும் எழுதவில்லை. அப்போது நடந்தது மேற்கின் முறை.

பொறுப்பதிகாரி உதயரூபன் தாளை மேசையில் போட்டார். "திரும்பவும் கைவரிசையக் காட்டுறீங்களோ, நிஸ்தார்?"

"கண்டதத்தான் எழுதினன் சேர்."

"மேற்கெண்டு திருத்துங்க. இல்லாட்டி நான் மேல அறிவிக்க வேணும்."

ஒரு சொல்லைத் திருத்தினால் வேலை தப்பும். நிஸ்தாரின் கை பேனை வரைக்கும் போய்த் திரும்பியது.

"திருத்த மாட்டன் சேர். பின்னேரப் பலூனை நீங்களே கிட்ட இருந்து பாருங்க."

ஐந்தரைக்குப் பலூன் வாவிக்கு மேலே ஏறியது. இருவரும் கணினித் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. பத்தொன்பது கிலோமீற்றர்: மேற்கு. இருபது: மேற்கு. போன வருஷம் இந்த இடத்துக்குக் கிட்டத்தான் வெடித்தது. நிஸ்தார் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். இருபத்தொன்றில் காற்று தளர்ந்தது. இருபத்திரண்டு: கிழக்கு. இருபத்தைந்தில் மறுபடியும் மேற்கு.

உதயரூபனுக்கு வியர்த்தது. "எல் நினோவெண்டு பசிபிக் கடல் கொதிச்சுக் கிடக்கு. அந்தச் சூடு கிளப்புற அலை இவ்வளவு உயரத்துக்கும் ஏறிக் காத்தக் குழப்பிட்டுது போல." பிறகு குரல் இறங்கியது. "முந்தாநாளும் நேத்தும் நீங்க கிழக்கெண்டு தந்தத உங்கட பிழையெண்டு நினைச்சு, மேற்கெண்டு மாத்தி அனுப்பிட்டன்."

நிஸ்தாருக்குக் கோபம் தலைக்கேறியது.

"அந்தக் கடிதம் தந்த நேரம் என்ன சொன்னீங்க சேர்? காணாதத எழுதுறவன் இந்தக் கதிரையில இருக்கப்படாதெண்டு சொன்னீங்க."

நிஸ்தார் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அதிகாரி முன்னால் வைத்தார். பேனையையும் திறந்து வைத்தார்.

"மேல அறிவிக்க வேணுமெண்டீங்களே, எழுதுங்க. நான் தேத்தண்ணி கொண்டு வாறன்."